தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வாரத்துக்கு வந்துவிட்டால், ஓக் பெண்ட் ஊரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பது அரிது. வெயில் ஒரு பக்கம். பயிற்சி முகாம் இன்னொரு பக்கம். நீர்நாய்கள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தொண்ணூறு ஆட்டக்காரர்களும் ஜூலைக் கடைசியில் வந்து இறங்கிவிடுவார்கள். அப்புறம் ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் வேலைதான். ரொட்டி சுடுகிறவர் களைத்துப்போவார். புல் வெட்டுகிறவர் களைத்துப்போவார். துணி துவைக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாரிட்டின் அம்மாவுக்குத் துணி துவைக்கிற வேலை. தொண்ணூறு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஜோடிக் காலுறை. எல்லாம் சேறு. அம்மா வீட்டுக்கு வரும்போது அவள் கைகள் முழங்கால் வரைக்கும் தொங்கிக்கொண்டிருப்பதாக மாரிட்டுக்குத் தோன்றும்.

மாரிட்டுக்குப் பத்து வயது. அவளுக்கும் முகாமில் ஒரு வேலை உண்டு. சம்பளம் கிடையாது, ஆனால் ஊரில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் அதற்காகத்தான் கோடை விடுமுறையையே எதிர்பார்த்திருப்பார்கள்.

ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே அரை மைல் தூரம். அந்தத் தூரத்தை அவர்கள் பிள்ளைகளின் சைக்கிளில்தான் கடப்பார்கள். அது அந்த ஊர் வழக்கம். காலையில் பிள்ளைகள் கட்டட வாசலில் சைக்கிளோடு வரிசையில் நிற்பார்கள். ஆட்டக்காரர் வெளியே வந்து ஒரு சைக்கிளைப் பிடிப்பார். முழங்கால் காதில் இடிக்க, அவர் மிதிப்பார். சைக்கிளின் சொந்தக்காரர் அவருடைய தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவார். முதல் நாள் யார் சைக்கிளை யார் எடுத்தாரோ, முகாம் முடியும்வரை அதே ஜோடிதான்.

மாரிட்டின் சைக்கிள் பச்சை நிறம். பெரியப்பா மகன் ஓட்டி ஓட்டித் தேய்த்து, பிறகு தூக்கிக் கொடுத்தது. செயின் அடிக்கடி கழன்றுவிடும். முதல் நாள் எல்லாச் சைக்கிளும் போய்விட்டன. பச்சை சைக்கிளை மட்டும் யாரும் தொடவில்லை. மாரிட் வீட்டுக்குத் திரும்பலாமா என்று யோசித்த நேரத்தில், கடைசியாக ஒருவன் வெளியே வந்தான். ஆறடி நான்கு அங்குல உயரம். சிவப்புச் சட்டை.

"இதுல ஏறலாமாங்க, மேடம்?" என்றான்.

எந்த மேடத்தைக் கேட்கிறான் என்று மாரிட் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு குப்பைத் தொட்டிதான் இருந்தது.

அவன் பெயர் லமான்ட் பர்விஸ். இருபத்திரண்டு வயது. தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்காரன். அங்கே வளர்ந்தவர்கள் பூனைக்குட்டியைக்கூட மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அணியில் இருந்த மூன்று குவார்ட்டர்பேக்குகளில் அவன்தான் கடைக்குட்டி. பேர்தான் கால்பந்து, அந்த ஆட்டத்தில் பந்து காலில் படுவது எப்போதாவதுதான். குவார்ட்டர்பேக் கையால் பந்தை எறிவான், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மற்ற பத்துப் பேருக்கும் அவன்தான் சொல்வான். அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் பத்துப் பேரும் பத்துத் திசையில் ஓடுவார்கள்.

அதனால் லமான்ட் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்துகொண்டே இருப்பான். தலைக்கவசம் மாரிட்டின் ஒரு கையில். ஒவ்வொரு ஆட்ட உத்திக்கும் ஓர் எண் போட்டு எழுதிய அட்டை இன்னொரு கையில்.

"பதினொண்ணு!" என்று அவள் எண்ணைச் சொல்வாள்.

"வலப்பக்கம் மூணு, நீலம் ஒன்பது, கரடி குறுக்கே, ரெண்டுல கிளம்பு" என்று அவன் மூச்சுவிடாமல் சொல்வான். "சரிங்களா, மேடம்?"

"சரி. கரடி எதுக்குக் குறுக்கே போகுது?"

"அது இன்னும் எனக்கே தெரியலைங்க."

பதினேழு நாட்களில் அவன் ஒரு வரிகூடத் தப்புவிட்டதில்லை. மாரிட்டுக்கும் அட்டை முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது.

பதினேழாவது நாள் வியாழக்கிழமை. சாயங்காலப் பயிற்சி முடிந்து எல்லோரும் கட்டடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பேசத் தெம்பில்லை. முன்னால், ட்ரெவர் என்ற பையனின் புது வெள்ளி நிறச் சைக்கிளில் ஃபேட்டு என்ற ஆட்டக்காரர் போய்க்கொண்டிருந்தார். நூற்றைம்பது கிலோ எடை. சைக்கிள் இருப்பதே தெரியாது. அவர் காற்றில் உட்கார்ந்து போவதுபோல்தான் இருக்கும். வழக்கமாகப் பாடிக்கொண்டு வருகிற அவரே அன்று வாயைத் திறக்கவில்லை.

லமான்ட் கடைசியில் வந்தான். தண்ணீர்த் தொட்டி வளைவில் பச்சை சைக்கிளின் செயின் 'கடக்' என்று கழன்றது. கால் வழுக்கியது. அவன் பின்பக்கமாகச் சாய்ந்து, நடைபாதையின் கல் விளிம்பில் தலை மோத விழுந்தான். சத்தம் மாரிட்டுக்கு நன்றாகக் கேட்டது.

அவனுடைய தலைக்கவசம் அவள் கையில் இருந்தது.

"லமான்ட்!"

அவன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "ஒண்ணுமில்லைங்க, மேடம். நல்லாத்தான் இருக்கேன். யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. மருத்துவக் கூடாரத்துல மிஸ் கோராகிட்டப் போலாம். அவங்க பாக்கட்டும்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம். சைக்கிள்லேருந்து விழுந்த குவார்ட்டர்பேக்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அதோட..." அவன் குரலைத் தாழ்த்தினான். "இது தெரிஞ்சா கோச் சைக்கிள் வழக்கத்தையே நிறுத்திடுவார். உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் போச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவன் சுண்டுவிரலை நீட்டினான். மாரிட் தன் சுண்டுவிரலைக் கோத்தாள். அது சத்தியம்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அம்மா, வெண்ணெய் தடவிய சோளக்கதிரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். மாரிட் மெல்ல எழுந்து அதை அவள் விரல்களிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"மாரிட், பாலைக் குடி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "நேத்தும் மிச்சம் வெச்சிருந்த."

"தூங்கறியா, முழிச்சிருக்கியா?"

"தூங்கறேன். பாலைக் குடி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை, போட்டிப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம். செவ்வாய்க்கிழமை பெயர்ப் பட்டியல். தொண்ணூறு பேரில் ஐம்பத்து மூன்று பேர்தான் தங்குவார்கள். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். மூன்று குவார்ட்டர்பேக்குகளில் முதல் இருவருக்கு இடம் உறுதி. மூன்றாமவனுக்கு இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. சனிக்கிழமை லமான்ட் எப்படி ஆடுகிறான் என்பதுதான் எல்லாம்.

வெள்ளிக்கிழமை காலை லமான்ட் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். கண்ணில் வெயில் பட்டதும் முகத்தைச் சுளித்தான்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டாள் மாரிட்.

"களைப்பு" என்றான். மேடம் சொல்லவில்லை.

செயினை மாட்டி, அவள் சைக்கிளைக் கொடுத்தாள். பாதை நேராகத்தான் இருந்தது. சைக்கிள்தான் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"ஓ."

பக்கத்தில் வந்த ஃபேட்டு சிரித்தார். "தம்பி, பதினெட்டு நாள் ஆச்சு. எனக்கே கிழமை மறந்துபோச்சு. என் பொண்டாட்டி பேரு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, அதுவும் பயத்துல."

மாரிட் அட்டையை எடுத்தாள். "பதினொண்ணு!"

"வலப்பக்கம் மூணு... நீலம்..." அவன் நிறுத்தினான். "நீலம் ஏழு. இல்ல. கரடி..." உதட்டை நக்கினான். "வேற கேளு."

"நாலு!"

அவன் அட்டையை எட்டிப் பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றான்.



எல்லோரும்தான் களைத்திருக்கிறார்கள். பாதையில் போகிற ஒவ்வொரு ஆளும் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போகிறார். அதனால்தான் லமான்ட்டை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆனால் மாரிட்டுக்குக் களைப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அவள் வீட்டில்தான் தினமும் அது சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறதே. அம்மா சோளக்கதிரோடு தூங்குவாள், செருப்பைக் கழற்றாமல் தூங்குவாள். ஆனாலும் தூக்கத்திலேயே பாலை ஞாபகம் வைத்திருப்பாள். காலுறையை ஜோடி மாற்றிப் போட்டதில்லை. ஒரு நாளும் மகள் பெயரை மாற்றிச் சொன்னதில்லை.

"கொஞ்சம் மெதுவா ஓடு, மார்த்தா" என்றான் லமான்ட்.

மாரிட் நின்றுவிட்டாள்.

"நான் மாரிட்."

"அதான் சொன்னேன்."

"இல்ல. மார்த்தான்னு சொன்னீங்க. லமான்ட், இது களைப்பு இல்ல. நேத்து விழுந்ததுதான். வாங்க, மிஸ் கோராகிட்டப் போலாம்."

அவன் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினான். முகம் இறுகிப்போயிருந்தது. "கோராகிட்டப் போனா நாளைக்கு என்னை ஆட விடமாட்டாங்க. நாளைக்கு ஆடலேன்னா செவ்வாய்க்கிழமை என் பேர் இருக்காது. எங்கம்மா அத்தனை சொந்தக்காரங்களையும் கூட்டிவெச்சு டிவி முன்னாடி உட்காரப்போறாங்க. உனக்கு இதெல்லாம் புரியுதா? நீ சத்தியம் பண்ணியிருக்க."

நேற்றுவரை அவன் அவளை 'நீ' என்று சொன்னதே இல்லை.

பயிற்சியில் சிவப்புச் சட்டை போட்டவனை யாரும் தொடக் கூடாது. குவார்ட்டர்பேக்குக்கு அடிபடாமல் இருக்கத்தான் அந்தச் சட்டை. ஆனால் நாளைக்குச் சிவப்புச் சட்டை கிடையாது. ஃபேட்டு மாதிரி நான்கு பேர் நேராக அவனை நோக்கி ஓடிவருவார்கள். அந்தத் தலை இன்னொரு தடவை தரையில் மோதும்.

பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மைதானம். வலப்பக்கம் புல்மேட்டைத் தாண்டி, மிஸ் கோராவின் வெள்ளைக் கூடாரம்.

மிஸ் கோரா அணியின் மருத்துவர். முகாமின் ஒன்பதாவது நாள் ஒருவர் இன்னொருவர்மீது மோதி விழுந்து, எழுந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று குதித்துக் காட்டினார். மிஸ் கோரா பேசவே இல்லை. அவருடைய தலைக்கவசத்தைப் பிடுங்கித் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "உன் மண்டைக்குள்ள என்னன்னு பாக்கிற வரைக்கும் இது என் நாற்காலி" என்றார். தலைக்கவசம் இல்லாதவன் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. அந்த ஆள் ஒரு மணி நேரம் கெஞ்சினார். நாற்காலி அசையவில்லை.

லமான்ட் கையை நீட்டினான். "தலைக்கவசத்தக் கொடு. நானே போய்க்கிறேன்."

மாரிட் தலைக்கவசத்தை மார்போடு கட்டிக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பினாள். ஓடினாள்.

"ஏய்!"

பின்னால் சைக்கிள் சடசடத்தது. பாதையில் இருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். முன்னால் ஒரு பொடிப் பெண், தன் தலையைவிடப் பெரிய தலைக்கவசத்தோடு ஓடுகிறாள். பின்னால் ஆறடி நான்கு அங்குல ஆள் ஒரு குட்டிச் சைக்கிளில் புல்மேட்டில் ஏறத் திணறுகிறான். பதினெட்டு நாளாகச் சிரிக்க மறந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பிடி, பிடி! குவார்ட்டர்பேக் சொத்து போகுது!" என்று கத்தினார் ஃபேட்டு.

"திருடி!" என்று ட்ரெவர் கூவினான்.

மாரிட் மூச்சு வாங்க ஓடினாள். கூடாரம் இன்னும் தொலைவில் இருந்தது. பின்னால் சைக்கிள் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

லமான்ட் புல்லில் உட்கார்ந்திருந்தான். தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பச்சை சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அவள் நான்கடி திரும்பி நடந்தாள். ஆனாலும் தலைக்கவசத்தை விடவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"நாம எதுக்கு ஓடறோம்?" என்று கேட்டான்.

"மிஸ் கோரா!" என்று மாரிட் போட்ட கத்தலில் மைதானமே திரும்பியது.

மிஸ் கோரா கூடாரத்திலிருந்து ஓடி வந்தார். லமான்ட்டின் கண்ணில் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். கிழமை கேட்டார், மாதம் கேட்டார். பிறகு மாரிட்டின் பக்கம் கையை நீட்டினார். அவள் தலைக்கவசத்தைக் கொடுத்தாள். அவர் அதைப் புல்லில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"எப்ப அடிபட்டுது?"

லமான்ட் தரையைப் பார்த்தான். எல்லோரும் மாரிட்டைப் பார்த்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஹோல்ம்கூட விசிலோடு வந்து நின்றிருந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து சாயங்காலம்" என்றாள். "என் சைக்கிள்லேருந்து விழுந்தாரு. செயின் கழண்டுடுச்சு. தலை கல்லுல மோதிச்சு. தலைக்கவசம் என் கையிலதான் இருந்துச்சு." அவள் அழுதுவிட்டாள்.

சின்ன வண்டி ஒன்று வந்து லமான்ட்டை ஏற்றிக்கொண்டது. போகும்போது அவன் அவளைப் பார்த்தான். "சத்தியம் பண்ணியே" என்றான். அதை மட்டும் எப்படியோ மறக்காமல் வைத்திருந்தான்.

பயிற்சியாளர் ஹோல்ம் விசிலை ஊதினார். "இனிமே சைக்கிள் கிடையாது. எல்லாரும் நடந்து வாங்க."

பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் மாரிட்டோடு பேசவில்லை. ட்ரெவர் மட்டும் பேசினான்.

"எல்லாம் உன்னாலதான். உன் ஓட்டை சைக்கிளாலதான். எங்க தாத்தா காலத்துலேருந்து இருந்த வழக்கம்."

மாரிட் குனிந்து செயினைப் பார்த்தாள். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

சனிக்கிழமை ஆட்டத்தை அவளும் அம்மாவும் முகாமின் துணி துவைக்கும் கூடத்தில் ரேடியோவில் கேட்டார்கள். லமான்ட்டுக்குப் பதில் ஆடியவன் நன்றாகவே ஆடினான். ரேடியோக்காரர் அவனைப் புகழ்ந்து தள்ளினார். மாரிட் காலுறைகளை ஜோடி சேர்த்தபடியே, வியாழக்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டு முடித்ததும் ஈரக் கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்படியே இரண்டு பேரும் ஈரத் துணிக் குவியலில் சாய்ந்தார்கள்.

"வீட்டுக்குப் போனதும் சைக்கிளக் கொண்டா" என்றாள் அம்மா. "அந்தச் செயின என்னன்னு பாப்போம்."

"நீ களைச்சிருக்க."

"களைச்சுதான் இருக்கேன். கை சும்மாதானே இருக்கு."

அன்று பொழுது சாய்வதற்குள் பழைய செயின் குப்பைக்குப் போனது. புதுச் செயினை மாட்டுவதற்குள் இருவர் மூக்கிலும் கருப்பு மசகு.

திங்கட்கிழமை மிஸ் கோரா துணிக்கூடத்துக்கே வந்தார். "நாளன்னிக்கு சைக்கிளக் கொண்டா, மாரிட். கோச் ஒத்துக்கிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. சைக்கிள்ல ஏறுறவங்க தலைக்கவசத்தத் தலையிலதான் போடணும். யார் கையிலயும் கொடுக்கக் கூடாது."

"லமான்ட் எப்படி இருக்காரு?"

"இருட்டு அறையில படுத்திருக்கான். சரியாயிடும். சனிக்கிழமை மட்டும் அவன ஆட விட்டிருந்தா..." மிஸ் கோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் பல நாள் சரியாகத் தூங்காதவர்.

"என்மேல கோபமா இருக்காரா?"

"கேக்கல. அவன்தான் பேசறதே இல்லையே."

"நாளைக்குப் பட்டியல்ல அவர் பேரு இருக்குமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

புதன்கிழமை காலை பிள்ளைகள் வாசலில் வரிசையில் நின்றார்கள். பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கதவு திறக்கும், தன் ஆள் வந்தால் உண்டு. வராவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு காலையில்தான் வரிசையில் யாரும் சண்டை போடமாட்டார்கள்.

கதவு திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லோர் தலையிலும் கவசம். குட்டிச் சைக்கிள்களில் பெரிய பெரிய வண்டுகள் ஏறிப் போவதுபோல் இருந்தது. சில பிள்ளைகள் கைதட்டினார்கள். சிலர் கதவையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு தலையைக் குனிந்தபடி திரும்பினார்கள்.

கடைசியில் இரண்டு சைக்கிள்தான் மிச்சம். பச்சை ஒன்று. வெள்ளி ஒன்று. ஃபேட்டு வரவில்லை.

கதவு மூடிக்கொண்டது.

ட்ரெவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். மாரிட் அவனைப் பார்த்தாள். அவனை எதுவும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஃபேட்டு நல்லாப் பாடுவாரு" என்றாள்.

"ஆமா" என்றான் ட்ரெவர், குரல் உடைந்து. "நேத்து ராத்திரியே போயிருப்பாரு. எனக்கு டாட்டா சொல்லக்கூட இல்ல."

இரண்டு பேரும் சைக்கிளைத் திருப்பினார்கள். அப்போது பின்னால் கதவு மறுபடி திறந்தது.

லமான்ட் வந்தான். சிவப்புச் சட்டை இல்லை, சாதாரணச் சட்டை. மெதுவாக நடந்தான். தோளில் பை. ஊருக்குப் போகிறவன் விடைபெற வருகிறான் என்று நினைத்து மாரிட்டின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

அவன் பக்கத்தில் வந்து பையை இறக்கினான். அதைத் திறந்து தலைக்கவசத்தை வெளியே எடுத்தான். ஊருக்கு அனுப்பப்பட்டவன் கையில் தலைக்கவசம் இருக்காது. அது மாரிட்டுக்குத் தெரியும்.

"மூணாவது ஆளு" என்றான். "வருஷம் முழுக்கப் பெஞ்சத் தேய்க்கணும். ஆனா பேரு இருக்கு."

"எப்படி? சனிக்கிழமை ஆடலையே?"

"கோச்சக் கேட்டேன். 'பதினேழு நாளா ஒரு வார்த்தை தப்புவிடாதவன் பதினெட்டாவது நாள் கிழமைய மறந்தா, நான் கவனிச்சிருக்கணும். நான் களைப்புன்னு நெனச்சுட்டேன். அந்தப் பதினேழு நாளுக்குத்தான் இந்த இடம்'னார்."

மாரிட் தரையைப் பார்த்தாள். "நான் சத்தியத்த மீறிட்டேன்."

"ஆமாங்க. நாலு நாள் ரொம்பக் கோபமா இருந்தேன். நேத்து தலைவலி விட்டுது, அதோட கோபமும் விட்டுது." அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. மாரிட்னு சொன்னேன். சரிதானுங்களே?"

"சரி" என்றாள் மாரிட். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டாச்சு."

"நான் இன்னும் ஒரு வாரம் சைக்கிள் ஏறக் கூடாதாம். நடக்கலாம்னு மிஸ் கோரா சொல்லியிருக்காங்க." அவன் பச்சை சைக்கிளை நேராகப் பிடித்தான். "நீங்க ஏறுங்க, மேடம்."

"நானா?"

"நீங்கதான். ஆனா நிபந்தனை தெரியுமில்ல? ஏறுறவங்க தலையில போடணும்."

தலைக்கவசத்தை அவள் தலையில் கவிழ்த்தான். அது தோள்வரை இறங்கியது. உள்ளே ஒரே இருட்டு, கொஞ்சம் சோப்பு வாசனை. அம்மா துவைத்த கவசத்து உள்ளுறையின் வாசனை.

"எனக்கு ஒண்ணும் தெரியல!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

லமான்ட் சுற்றிப் பார்த்தான். வெள்ளிச் சைக்கிளோடு ட்ரெவர் போவதா, நிற்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"ட்ரெவர்!" என்று தலைக்கவசம் கூப்பிட்டது. "உன் சைக்கிள அங்கயே வெச்சுட்டு வந்து ஹேண்டில்பாரப் பிடி. நான் குப்பைத் தொட்டில மோதப் போறேன்."

ட்ரெவர் ஓடி வந்து பிடித்துக்கொண்டான். லமான்ட் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். மூன்று பேரும் அரை மைல் தூரத்தை, அவசரமே இல்லாமல் கடக்கத் தொடங்கினார்கள்.

"பதினொண்ணு!" என்றான் லமான்ட்.

"வலப்பக்கம் மூணு, நீலம் ஒன்பது, கரடி குறுக்கே, ரெண்டுல கிளம்பு!"

"கரடி எதுக்குக் குறுக்கே போகுது?" என்று கேட்டான் ட்ரெவர்.

"அது இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள் மாரிட், தலைக்கவசத்துக்குள்ளிருந்து. பச்சை சைக்கிள் செயின் கழலாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.